பலகை இல்லாமல் வரைந்த கொடி

மூன்றாவது முறையும் பெட்டி திரும்பி வந்துவிட்டது. வைக்கோலை விலக்கிப் பார்த்தால், அனுப்பிய இருபத்து நான்கு டைலும் போன மேனிக்குத் திரும்பியிருந்தன. மேலே சீமாட்டி மார்ச்மோரின் கடிதம்.

மேஸ்திரி ஜேபெஸ் டன்னிக்ளிஃப் அதை வரைகூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தான். முப்பது பெண்கள் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"'பழைய டைலில் கொடி காற்றில் ஆடுகிறது. நீங்கள் அனுப்பியதில் ஆணி அடித்து நிறுத்தியதுபோல் நிற்கிறது. இரண்டையும் ஒரே சுவரில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.' கேட்டீங்களா? ஆணி அடிச்ச மாதிரியாம்!"

"வெண்ணெய் கடையுற ரூம்ல கொடி ஆடுனா என்ன, ஆடாட்டி என்ன?" என்றாள் லெட்டி. பெஞ்சிலேயே வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். "மாடா வந்து பாக்கப்போவுது?"

"மாடு பாக்காது கண்ணு. சீமாட்டி பாக்கும். அதுக்குத்தான் நமக்குச் சோறு."

பர்ஸ்லெம் என்கிற அந்தப் பீங்கான் ஊரில் ஆணும் பெண்ணும் முதலாளியும் கழுதையும் எல்லாருக்கும் 'கண்ணு'தான். சொல்கிற தொனியில்தான் கொஞ்சலா கொட்டா என்று தெரியும். இது கொட்டு.

விஷயம் இதுதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஸ்கெரட் டைல் ஆலையிலிருந்து மார்ச்மோர் மாளிகையின் பால் அறைக்கு நாலு சுவருக்கும் டைல் போனது. வெள்ளையில் நீலக்கொடி, வேலியில் தானாகப் படருகிற, தோட்டக்காரன் பிடுங்கிப் போடுகிற கொடி. மாதிரிப் புத்தகத்தில் அதற்கு எண் இருநூற்றுப் பதினேழு. இந்த வசந்தத்தில் பாலேடு பிரிக்கும் புது இயந்திரத்தை உள்ளே இழுத்தபோது வாசல் பக்கத்தில் இருபத்து நான்கு டைல் உடைந்தன. அதே மாதிரி செய்து கொடுங்கள் என்று எழுதினார்கள், பார்த்து வரையப் பழைய டைல் மூன்றைக் கழற்றி அனுப்பினார்கள்.

செய்து கொடுப்பதில் என்ன கஷ்டம்? மாதிரித் தாள் அதே அலமாரியில் இருந்தது. கோட்டின் மேலெல்லாம் ஊசியால் குத்திய தாள். டைலின் மேல் அதை வைத்துக் கரித்தூள் முடிச்சால் தட்டினால் புள்ளி புள்ளியாகக் கொடி இறங்கிவிடும். புள்ளியைப் பிடித்து நீலத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். தாளும் அதேதான், நீலமும் அதேதான். புள்ளி ஒன்று கூட இடம் மாறவில்லை. ஆனால் கொடி செத்துக் கிடந்தது.

டன்னிக்ளிஃப் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்து மூலைக்கு வந்தான்.

"தெர்சா, நீ அந்தப் பழைய பெஞ்சுல இருந்தவதான?"

தெர்சா கோக்லி தலையைத் தூக்காமல் ஒரு டெய்சிப் பூவின் கடைசி இதழைப் போட்டு முடித்தாள். நாற்பத்தைந்து வயது. பத்தொன்பது வயதில் உட்கார்ந்த அதே ஜன்னல்தான்.

"எட்டுப் பேரு இருந்தோம். மிச்சம் இருக்கறது நான்தான். தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க மிஸ்டர் டன்னிக்ளிஃப்."

"அப்ப இது ஒன் வேலை." மூன்று பழைய டைலையும் அவள் முன்னால் வைத்தான்.

அவன் நகரும்வரை அவள் அவற்றைத் தொடவில்லை. நகர்ந்த பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள், தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுப்பவள் மாதிரி. முதல் டைலைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

கொடியை ஒரே மூச்சில் இழுத்து, நுனியில் சின்னதாக ஒரு சுண்டு. இது ஹெஸ்டர். அவள் மட்டும்தான் கோபத்தோடு முடிப்பாள். இலைக்காம்பு ஈ கடித்ததுபோல் துள்ளும்.

இரண்டாவது, கெசையா. கெசையாவின் கோடு தண்ணீர் மாதிரி. எங்கே தொடங்கியது, எங்கே தூரிகை எழும்பியது என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. காலையில் வரைந்திருக்கிறாள்; கொடி நிமிர்ந்து நிற்கிறது.

மூன்றாவது அவளுடையதேதான். பின்பக்கத்துப் பேர்க்குறியைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் வரைந்தது. கொடியின் நுனி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மூன்று மணிக்கு மேல் தோள் இறங்கிவிடும். தோள் இறங்கினால் கொடி சாயும். எட்டுப் பேருக்கும் அப்படித்தான். ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு அளவு. எல்லா டைலையும் சேர்த்துச் சுவரில் பதித்தால் ஒன்று நிமிர்ந்து, ஒன்று சாய்ந்து, ஒன்று துள்ளி, வேலி முழுக்கக் காற்று அடிப்பதுபோல் இருக்கும்.

சீமாட்டி காற்று என்று எழுதியிருக்கிறாளே, அது எட்டுப் பெண்களின் தோள்வலி.

அந்தக் காலத்தில் பெண்களுக்குக் கைப்பலகை கிடையாது. ஆண்கள் வரைகிற கூடத்தில் ஒவ்வொருத்தன் முன்னாலும் ஒரு பலகை இருக்கும். இரண்டு கட்டைக்கால் வைத்து, வேலையின் குறுக்கே பாலம் மாதிரி. அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நாள் முழுக்க நடுங்காமல் வரையலாம். பெண்களுக்கு அது கூடாது என்று ஆண்கள் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. பொம்பளைக் கைக்குத் தாங்கல் கொடுத்தால் ஆம்பளை வேலைக்கு ஆபத்து. காரணம் இவ்வளவுதான். அதை மறைத்துச் சொல்லவேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. பழைய முதலாளி தலையாட்டினார்.

தாங்கல் இல்லாத கை மெதுவாக வரைந்தால் நடுங்கும். ஆகவே மெதுவாக வரையக் கூடாது. சுண்டுவிரலை மட்டும் வழுக்குகிற டைலின்மேல் ஊன்றி, முழங்கை அந்தரத்தில், தோளிலிருந்து ஒரே வீச்சு. விரல் வழுக்குவதற்குள் கொடி முடிந்துவிட வேண்டும். அதற்குக் கெசையா கண்டுபிடித்த வழி பாட்டு. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடுகிற நீளமான மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வாள். ஓர் அடிக்கு ஒரு கொடி. அடியின் முடிவில் மூச்சு வாங்கும் இடத்தில் இலை. எட்டுத் தூரிகையும் ஒன்றாக இறங்கும், ஒன்றாக எழும்பும். வெளியே சூளைப் புகை. கால்வாயில் களிமண் படகு. உள்ளே டர்ப்பன்டைன் வாசனையும் அந்தப் பாட்டும். போர்மேன்கள் கூட வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் ஹெஸ்டர் அம்மா கொடுத்தனுப்பும் ஓட்ஸ் தோசையை எட்டாகப் பிய்த்து, உள்ளே பாலாடைக்கட்டி உருகி வழிய வழியச் சாப்பிடுவார்கள். ஆகஸ்டு திருவிழா வாரத்தில் எட்டுப் பேரும் கைகோத்துக்கொண்டு ராட்டினத்தில் ஏறினால், ராட்டினக்காரன் 'ஸ்கெரட் குதிரைங்க வருது, எடம் விடு' என்று கத்துவான்.

அதெல்லாம் இனி வராது. வரவும் வேண்டாம் என்று தெர்சாவின் புத்தி சொல்லும். மனசு கேட்காது.

ஏனென்றால் கெசையாவின் சுண்டுவிரல் முதலில் வீங்கியது, பிறகு வளைந்தது, பிறகு வளைந்தபடியே நின்றுவிட்டது. முப்பத்தொரு வயதில் கரண்டி பிடிக்க அடுத்த கையைத் தேடினாள். அந்த வருஷம்தான் ஒரு திங்கட்கிழமை காலை எட்டுப் பேரும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பலகை கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்கள். ரொட்டி வெட்டும் பலகை ஒன்று. தொட்டில் சட்டம் ஒன்று. சபையில் பாட்டு எண் எழுதிப்போடும் பலகையை ஹெஸ்டர் கேட்காமலே எடுத்து வந்திருந்தாள், அதில் பழைய ஞாயிற்றுக்கிழமை எண்கள் அழியாமல் இருந்தன. ஆண்கள் திபுதிபுவென்று உள்ளே வந்து எல்லாவற்றையும் முழங்காலில் வைத்து ஒடித்தார்கள். கெசையாவின் பலகையை ஒடித்தது தங்கப்பூச்சுக் கூடத்துப் பயல் ஜேபெஸ் டன்னிக்ளிஃப். மறுநாள் மறுபடி கொண்டுவந்தார்கள். மறுபடி ஒடித்தார்கள். வீட்டில் பலகை தீர்ந்தால் கதவைக் கழற்றிக்கொண்டு வருவோம் என்றாள் ஹெஸ்டர். ஒன்பதாவது நாள் ஒடிக்க யாரும் வரவில்லை.

பலகை வந்தது. விரல்கள் பிழைத்தன. இருநூற்றுப் பதினேழு செத்தது. யாரும் கவனிக்கவில்லை, அந்த வடிவம் பழசு என்று மாதிரிப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தெர்சா கவனித்தாள். பத்தொன்பது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நாங்கள் போராடி வாங்கியதுதான் எங்கள் கோட்டைக் கொன்றது என்றா?

மறுநாள் காலை டன்னிக்ளிஃப் அவள் பெஞ்சுக்கு வந்தபோது, அவள் பலகையில் கை ஊன்றி நாலு டைல் முடித்து வைத்திருந்தாள். அவன் ஒன்றை எடுத்துப் பழைய டைலோடு சேர்த்து வைத்தான். தங்கப்பூச்சுக் கூடத்தில் வளர்ந்தவன், கண் பழுதில்லை.

"இதுவும் ஆணிதான்" என்றான். "பலகையை எடுத்துட்டு வரை."

பக்கத்து பெஞ்சில் லெட்டியின் தூரிகை நின்றது.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அப்ப பலகை இல்ல, கோடு இருந்துச்சு. இப்ப பலகை இருக்கு, கோடு இல்ல. எனக்குக் கணக்கு வராதுன்னு நெனச்சியா?" குரலைத் தூக்கி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "நல்லாக் கேட்டுக்குங்க. லண்டன்ல இப்ப மெஷின்ல அடிச்ச மாதிரி இருந்தா யாரும் வாங்கறதில்லையாம். கையால வரைஞ்சதுன்னு பாத்ததும் தெரியணுமாம். சின்ன முதலாளிகிட்ட நான் சொல்லியாச்சு, இருநூத்திப் பதினேழைத் திரும்பப் புத்தகத்துல போடலாம்னு. வியாழக்கெழம அவரு வர்றாரு. தெர்சா அவரு முன்னாடி பலகை இல்லாம வரைவா. கோடு வந்துச்சுன்னா, அடுத்த திங்கள்லேர்ந்து இந்தக் கூடத்துல ஒரு பலகை இருக்காது."

கூடம் முழுக்கச் சத்தம் கிளம்பியது.

"ஆம்பளைங்க கூடத்துல?" என்று லெட்டி எழுந்தே கேட்டாள்.

"அவங்க கொடி வரையறதில்லையே கண்ணு."

"அவங்க வரையறது என்னவாம், ஆகாசத்தையா?"

"ஒக்காரு. வாய் வரையற அளவுக்குக் கை வரையட்டும்."

அவன் போன பிறகு தெர்சாவை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரிந்தது.

அன்று மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு எல்லாரும் வாசல் பக்கம் போனார்கள். தெர்சா போகவில்லை. தலைவலி என்றாள். கடைசிக் காலடிச் சத்தம் படியில் இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினாள்.

சும்மா பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வருகிறதா என்று தெரிந்துகொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

தாளை வைத்துக் கரியைத் தட்டினாள். தூரிகையில் நீலத்தை ஏற்றினாள். சுண்டுவிரலை ஊன்றினாள். கையை அந்தரத்தில் தூக்கியதும் தோள் நடுங்கியது. கோடு கிழவி நடப்பதுபோல் தள்ளாடியது. துடைத்தாள். மறுபடி. விரல் வழுக்கி, கொடி பாதியில் முறிந்தது. துடைத்தாள். வெறும் கையை இரண்டு முறை காற்றில் வீசிப் பார்த்தாள். பிறகு, யோசிக்காமலே, கெசையாவின் மெட்டை முணுமுணுத்தாள்.

அடி தொடங்கியது. கை போனது. அவள் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. தோளிலிருந்து இறங்கி, மணிக்கட்டில் திரும்பி, நுனியில் மெலிந்து, அடி முடிகிற இடத்தில் இலை விழுந்தது. அடுத்த அடி. அடுத்த கொடி. டைல் முடிந்தபோதுதான் மூச்சு விட்டாள்.

தன் பழைய டைலைப் பக்கத்தில் நகர்த்தினாள். இரண்டுக்கும் நடுவே இருபத்தாறு வருஷம் இருக்கிறது என்று யாரும் சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது. கொடி இந்த டைலிலிருந்து அந்த டைலுக்கு ஏறிப் போனது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கணம் எட்டுப் பேரும் பெஞ்சில் இருந்தார்கள்.

"வந்துடுச்சா?"

வாசலில் லெட்டி. ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறுகை இடுப்பில்.

தெர்சா மறைக்கவில்லை. மறைத்துப் பழக்கமில்லை. லெட்டி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். ஈரம் படாமல் கொடியின் மேலாகவே விரலை ஓட்டினாள்.

"அழகா இருக்கு மிசஸ் கோக்லி. நெசமாவே ஆடுது." நிமிர்ந்தாள். "இத அந்த ஆளுகிட்டக் குடுக்கப்போறீங்களா?"

"குடுத்தா என்ன?"

"என்னவா? திங்கக்கெழம முப்பது பேரு கையும் அந்தரத்துல தொங்கும். என் தங்கச்சி இப்பதான் சேந்திருக்கா, பதினஞ்சு வயசு. நீங்க ஏழு வருஷத்துல கத்துக்கிட்டத அவ ஏழு நாள்ல கத்துக்கணும்பான்."

"எனக்கா தெரியாது? அந்தப் பலகையை வாங்குனதே நாங்கதான்டீ. நீ அப்ப தொட்டில்ல மூத்திரம் பேஞ்சிட்டிருந்த."

"வாங்குனவங்களே திருப்பிக் குடுக்குறதுதான் வயித்தெரிச்சல்."

தெர்சாவுக்குச் சுரீரென்றது. "ஒனக்கு என்னடீ தெரியும்? இந்தக் கோடு என்னுது. வாழ்க்கையில உருப்படியா நான் பண்ணது இது ஒண்ணுதான். இருபது வருஷமா நான் டெய்சி போடுறேன். டெய்சி! குருட்டுக் கோழி கூடப் போடும். இத ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சூளையில ஏத்திப் பாக்கணும்னு எனக்கு இருக்காதா?"

"இருக்கும்" என்றாள் லெட்டி. குரல் இறங்கியிருந்தது. "ஆனா நீங்க அந்தக் காலத்தப்பத்திச் சொல்றப்பல்லாம் பாட்டு, ராட்டினம், தோசைன்னு சொல்றீங்க. அந்தம்மா கை என்னாச்சுன்னு எங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்க ஒரு நாளும் சொன்னதில்ல."

கீழே மணி அடித்தது. படியில் காலடிச் சத்தம் ஏறத் தொடங்கியது.

தெர்சா டைலைப் பார்த்தாள். நீலம் இன்னும் ஈரமாக மின்னியது. சூளையில் ஏறும்வரை அது வெறும் எண்ணெயும் பொடியும்தான். துணி பட்டால் போய்விடும். முதல் தலை வாசலில் தெரியும்வரை பார்த்தாள். பிறகு டர்ப்பன்டைன் துணியை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வெள்ளை.

"அவன்கிட்ட முடியலன்னு சொல்லிடுங்க" என்று லெட்டி கிசுகிசுத்தாள்.

"நான் முடியலன்னு சொன்னா அவன் எங்க கேப்பான்? நம்ப மாட்டான். மொதலாளி முன்னாடி உக்காந்து தோத்துக் காட்டணும்."

"தோக்கறது என்ன பெரிய வித்தையா? நான் தெனம் தோக்குறேன்."

"ஒனக்கு வராது, அதனால தோக்குற. எனக்கு அந்த மெட்டு மண்டைக்குள்ள ஓடுது. பலகை இல்லாம தூரிகையத் தூக்குனா தானா ஓடுது, கை தானா போவுது. கோணலாப் போட்டா வேணும்னே போட்டேன்னு அவன் கண்டுபிடிச்சிடுவான். அவனுக்குக் கண்ணு இருக்கு."

லெட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப மெட்ட மாத்திடலாம்."

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சின்ன முதலாளி வந்தார். முப்பது வயதிருக்கும், லண்டன் சட்டை, பேச்சில் மரியாதை. பின்னால் டன்னிக்ளிஃப், கல்யாண மாப்பிள்ளையின் தகப்பன் மாதிரி. தெர்சாவின் பெஞ்சிலிருந்து அவனே பலகையைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

"ஆரம்பிக்கலாமா மிசஸ் கோக்லி?" என்றார் முதலாளி.

தெர்சா சுண்டுவிரலை ஊன்றினாள். உள்ளே மெட்டு எழுந்தது, கூப்பிட்ட குரலுக்கு வருகிற நாய் மாதிரி.

அதே நேரம் பின் பெஞ்சில் லெட்டி பாட ஆரம்பித்தாள். திருவிழா ராட்டினப் பாட்டு. குடிகாரர்கள் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு பாடுவது. சந்தைக்குப் போன கழுதை தொப்பி வாங்கிக்கொண்டு வந்ததாம், அந்தக் கதை. மூன்று மூன்றாகத் துள்ளுகிற தாளம். இரண்டாவது வரிக்குள் முப்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"பாட்ட நிறுத்துங்க!" டன்னிக்ளிஃப் திரும்பிக் கத்தினான்.

"விடுங்க, விடுங்க" என்றார் முதலாளி. "வரையற பொண்ணுங்க பாடுனாத்தான் கை ஓடும்னு எங்கப்பா சொல்வாரு. இதெல்லாம் பழைய வழக்கம். பாடட்டும்."

அதற்குமேல் என்ன அனுமதி வேண்டும்? பெண்கள் காலால் தரையைத் தட்டவும் ஆரம்பித்தார்கள். தெர்சாவின் கை நீளமாகப் போகப் பார்த்தது. கழுதை குறுக்கே துள்ளியது. கொடி மூன்று இடத்தில் விக்கியது. இலை காம்பை விட்டுத் தள்ளி விழுந்தது. அவள் நடிக்கவில்லை; முழுமனசாகத்தான் இழுத்தாள். நெற்றியில் வியர்வை நிஜம்.

"இன்னொண்ணு" என்றான் டன்னிக்ளிஃப்.

இரண்டாவது இன்னும் மோசம். முதலாளி பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு சார். இவளுக்கு வரும். நான் பாத்திருக்கேன்."

மூன்றாவது டைலில் அவள் தூரிகையை வைத்தபோது பாட்டில் ஒரு பத்தி முடிந்து, முப்பது பேரும் மூச்சு வாங்கினார்கள். அரை நொடிதான். அந்த அரை நொடியில் கை தன் வழியைக் கண்டுபிடித்துவிட்டது. கொடி இறங்கியது, தண்ணீர் மாதிரி, கெசையா மாதிரி. பாதி டைல். டன்னிக்ளிஃப் முன்னால் குனிவது அவள் கண்ணோரத்தில் தெரிந்தது. இன்னும் பாதி இருக்கிறது. முடித்துவிட்டால் சூளைக்குப் போகும், சுவருக்குப் போகும், அவள் செத்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும்.

ஊன்றிய சுண்டுவிரலை அவள் தூக்கினாள். ஒரு நெல்லளவுதான். கை கீழே சரிந்து, நீலம் டைலின் குறுக்கே கிழிந்தது.

கழுதைப் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

"முடியல சார்" என்றாள் தெர்சா. பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தை. சொல்லும்போது காது சூடாவது தெரிந்தது. "வயசாயிடுச்சு. பலகை இருந்தாலும் வரல, இல்லாட்டியும் வரல."

முதலாளி அவள் தோளைத் தட்டினார். அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது. "பரவாயில்ல, பரவாயில்ல. பாவம், என்ன பண்றது. டன்னிக்ளிஃப், சீமாட்டிக்கு எழுதிடுங்க. வாசலைச் சுத்தி வெறும் நீல டைல் ஒரு வரிசை குடுத்துடலாம், பார்டர் மாதிரி இருக்கும். இருநூத்திப் பதினேழ விட்டுடுங்க."

"பலகை விஷயம் சார்..."

"அதான் எடுத்தும் வரலையே? எதுக்கு வம்பு?"

அவர் போய்விட்டார். டன்னிக்ளிஃப் போகவில்லை. பாட்டு அடங்கியது. மூன்றாவது டைலை எடுத்து, அந்த நல்ல பாதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"நீ வேணும்னே பண்ணுன" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"போய்ச் சொல்லு ஜேபெஸ். அவரு ஒன்ன நம்புவாரா, தன் கண்ண நம்புவாரா?"

"கெசையாவா இருந்தா பாதியில விட்டிருக்க மாட்டா. அவளுக்கு வேலைதான் சாமி."

"அவ பலகைய ஒடிச்சவன் நீ. அவ பேரச் சொல்ற வாயி ஒனக்கு இருக்கா? கடைசி ரெண்டு வருஷம் அவளுக்கு நான்தான் ஊட்டிவிட்டேன். கஞ்சிய. குழந்தைக்கு ஊட்டுற மாதிரி."

அவன் டைலைக் கீழே வைத்தான், மெதுவாக, ஓரம் படாமல். பிறகு நடந்து போனான்; நடையில் அவனுக்கும் நாற்பத்து மூன்று வயது தெரிந்தது.

லெட்டி வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது. "மிசஸ் கோக்லி, நான் எப்படி..."

"போடீ, போய் வேலையப் பாரு. பாட்டா அது? தகரத்த உருட்டுன மாதிரி. கழுதை கூடக் கேட்டா தற்கொலை பண்ணிக்கும்."

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. தெர்சா சிரிக்கவில்லை. துணியை நனைத்து மூன்று டைலையும் துடைத்தாள். நல்ல பாதியைக் கடைசியாகத் துடைத்தாள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. கூடத்தில் யாரும் அதைப் பார்க்காததுபோல் குனிந்து வேலை செய்தார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஆறு டஜன் டெய்சி முடிக்க வேண்டியிருந்தது. முடித்தாள்.